ஈரமில்லாத அழுகை

"உள்ள போச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"ஒரு குவளை போச்சு. அப்புறம் ரெண்டு குவளை வெளிய வந்துச்சு. என் துணியெல்லாம் அவ வாந்திதான். மோந்து பாக்குறீங்களா?"

"வாந்தி வந்தா நல்லது. கெட்டது எறங்குதுன்னு அர்த்தம்."

"விடியறதுக்கு முன்னாடியிலேருந்து பின்னாடியும் போயிட்டேதான் இருக்கு. இனிமே எறங்குறதுக்கு உள்ள என்ன இருக்கு? குடல்தான் இருக்கு."

"மில்கா அம்மா, வாயை அடக்கு. மருந்துக்காரர் கஷாயத்தை மூணு குவளைன்னு சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டு பாக்கி."

அவீனோ காலிக் குவளையைப் பிடித்தபடி நின்றாள். மகள் மில்காவின் பெயரை வைத்தே அவளைக் கூப்பிடும் புருஷன் ஒகோலா அத்தி மரத்தடியில் கால்களை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் வலையை மாட்டிக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். நான்கு நாளாக அதே கிழிசல். பகலில் தைப்பதும் சாயங்காலம் பிரிப்பதுமாக இருந்தான். ஏன் பிரிக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

மரத்துக்கு எதிரே அவன் தம்பி ஒகும்பேயின் வீடு. வாசலை ஒட்டி ஒகும்பேயின் மண்மேடு. அடக்கம் செய்து பதினோரு நாளாகிறது. அதற்குள் மழை அந்த மண்ணை ஒரு பக்கமாகக் கரைத்திருந்தது. வீட்டுக்குள்ளே ஒகும்பேயின் மனைவி அவோக்கோ, செத்தவனுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாயில் கிடந்தாள். புருஷன் சட்டையைத் தலை மழிக்கும் நாள் வரைக்கும் கழற்றக் கூடாது. திங்கட்கிழமை அவள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள். செவ்வாய் எழுந்திருக்கவில்லை. நேற்று கை போயிற்று. இன்று குவளையைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை.

"சீரா" என்றது கரை முழுவதும். முறை தவறினவர்களைத் தேடி வந்து உருக்கும் நோவுக்கு ஏரிக்கரையில் வேறு பெயர் கிடையாது. அவோக்கோ தவறிய முறை என்ன என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புருஷன் பிணத்துக்கு முன்னால் அவள் அழவில்லை.

நானூறு பேர் வந்திருந்தார்கள் அன்றைக்கு. ஒகும்பேயை ஏரி மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஆகாயத்தாமரைப் படலத்துக்கு அடியிலிருந்து திருப்பிக் கொடுத்தது. பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வேலி வரைக்கும் ஓடினார்கள், திரும்பி வந்து மண்ணில் விழுந்தார்கள். அவோக்கோவும் கூவினாள். குரல் கிழிந்து, தொண்டை கட்டி, வெறும் காற்றாகும் வரைக்கும் கூவினாள். ஆனால் கண் மட்டும் புகையில் வாட்டிய மீனின் கண்ணைப் போலச் சிவந்து காய்ந்து கிடந்தது. பெரிய அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த அவீனோ துடுப்பை நிறுத்தி, பக்கத்தில் இருந்தவர்களிடம், "பாருங்கடி, புருஷனைத் தின்னுட்டு நிக்கிறா, கண்ணுல ஒரு பொட்டு ஈரமில்ல" என்றாள்.

பாதி வேடிக்கைக்குத்தான் சொன்னாள். புகையில் நின்ற எரிச்சல், நானூறு பேருக்குச் சோறு போடும் எரிச்சல். யாரோ சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் மீன் காயப்போடும் வலைகளைத் தாண்டி அடுத்த கரைக்குப் போய்விட்டது. ஒகும்பேயைக் கொன்றது தண்ணீர் இல்லை, வீட்டுக்குள் இருந்த ஒருத்தி என்றுகூடச் சொன்னார்கள். நான்காம் நாள் மழிக்க வேண்டிய தலையை மழிக்கப் பெரியவர்கள் மறுத்தார்கள். முதலில் அழட்டும் என்றார்கள். தலை மழிக்காத விதவை வேலியைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் பானையைத் தொடக் கூடாது, தோணிப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது. அவளை ஏற்றிய தோணி இன்னொருவன் உயிரை வாங்காமல் விடாது.

அவோக்கோ அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை அவீனோவிடம், "அக்கா, என் மருந்து தீந்துபோச்சு, அக்கரைக்குப் போகணும்" என்று சொல்லியிருந்தாள். "முதல்ல தலையை மழிச்சுக்கோ, அப்புறம் ஊர் சுத்தலாம்" என்று அவீனோ அதற்குப் பதில் சொல்லியிருந்தாள். காலியான மருந்துப் பாட்டில்களில் ஒன்றை விளக்குக்கு மண்ணெண்ணெய் வைக்க எடுத்துக்கொண்டும் போனாள்.

இப்போது பானையில் மிச்சமிருந்த கஷாயம் கறுத்து, மேலே நுரை கட்டிக் கிடந்தது. அவள் இரண்டாவது குவளையை மொள்ளவில்லை. காலையிலேயே ஒகோலாவுக்குத் தெரியாமல் நர்சுக்குப் போன் போட்டுவிட்டிருந்தாள்.

நர்ஸ் நெகேசா பத்து மணிக்கு வந்தாள். மழையில் பாலம் போனதிலிருந்து சாலை இல்லை. ஓடை வரை மோட்டார் சைக்கிளில் வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தொடை வரை சேற்றோடு வேலிக்குள் நுழைந்தாள். வடக்குப் பக்கத்துக்காரி, வேறு பாஷைக்காரி. இந்தக் கரையின் பேச்சை அவள் பேசினால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவளைக் கண்டதும் ஒகோலா வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"எங்க போறீங்க?" என்றாள் அவீனோ.

"கரைக்கு. இங்க பொம்பளைங்க ராஜ்ஜியம் ஆயிடுச்சு."

நெகேசா அவோக்கோவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய இடத்தில் ஒரு துடிப்பும் இல்லை. கையைத் தூக்கி விட்டாள். அது நனைந்த துணிபோல விழுந்தது. கழுத்தை நிமிர்த்தச் சொன்னாள். தலை பாயிலிருந்து எழும்பவில்லை. கண் மட்டும் ஆளைப் பார்த்து ஆளைப் பார்த்து நகர்ந்தது. எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது.

"அவோக்கோ, மூச்சை இழுத்துக்கோ. ஒரே மூச்சுல எண்ணு. எவ்வளவு வருதோ அவ்வளவு."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஒன்பதில் மூச்சு முடிந்தது.

"நீங்க எண்ணுங்க, அம்மா."

அவீனோ எண்ணினாள். முப்பத்து நாலு.

நெகேசா சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதேபோலக் கால் போனபோது ஒகும்பே இவளைத் தோணியில் தூக்கிக்கொண்டு அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆறாம் நாள் அவள் தன் காலால் கரையில் இறங்கி நடந்தாள், கையில் ஆரஞ்சு நிறத் தண்ணி மருந்து ஒரு பை நிறைய. ஆயுசு முழுக்கக் குடிக்கணுமாம் என்றாள். அவீனோ அப்போதும் கேலி செய்திருந்தாள், சோடா குடிக்கப் பிறந்த ராணி என்று.

"எல்லாம் இதுல எழுதியிருக்கு" என்றாள் நெகேசா. "இவ உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சுக் கடிக்குது. முதல்ல எச்சி ஊறுற இடத்தைக் கடிச்சுது."

"அதான் களியை விழுங்கத் தண்ணி தண்ணின்னு கேப்பாளா? ஒரு வாய்க்கு ஒரு மடக்கு. நான் சமைச்சது எறங்கலையாக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் சிறுநீரகம். அது ஓட்டைச் சட்டி மாதிரி ஆயிடுச்சு. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கணும். சதை அசையறதே அதாலதான். இவளுக்கு அது மூத்திரத்துல ஒழுகிப் போயிடுது. அந்த ஆரஞ்சுத் தண்ணிதான் போறதை ஈடு கட்டிட்டு இருந்துச்சு. எப்போ நிறுத்தினா?"

"பத்து நாள் இருக்கும்."

"அந்தப் பானையில என்ன?"

அவீனோ சொன்னாள்.

நெகேசா பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஊற்றும் சத்தம் கேட்டது. காலிப் பானையோடு திரும்பி வந்தாள். "வாந்தியிலயும் பேதியிலயும் மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. யாரு குடுத்தது?"

"நான்தான்."

"என்கிட்ட அந்த மருந்து இல்ல. இருக்கிறது சர்க்கரைத் தண்ணி பாட்டில். அதை ஏத்தினா ரத்தத்துல இருக்கிற கொஞ்ச உப்பும் உள்ள இழுத்துக்கும், சீக்கிரமா செத்துடுவா."

"வாழைப்பழம்? அப்போ டாக்டர் நெறைய சாப்பிடச் சொன்னாரே. பிசைஞ்சு தர்றேன், வீட்ல ஒரு சீப்பு இருக்கு."

"விழுங்க முடியாதும்மா, புரையேறிடும். ஒன்பதுல நிக்கிறா. அஞ்சுக்கு வந்தா மூச்சு தனியா ஓடாது. இன்னிக்கே அக்கரை போகணும்."

அவீனோவுக்குக் கேட்டதில் பாதிதான் மண்டையில் ஏறியது. வேறு ஏதோ ஒன்று அங்கே முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. "புத்தகத்துல இன்னும் என்ன போட்டிருக்கு? எச்சிக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவுல?"

"கண்ணு. கண்ணீர் ஊறுற இடமும் காஞ்சுபோச்சு. சொட்டு மருந்துகூட எழுதியிருக்காங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

சொட்டு மருந்து. சின்ன வெள்ளைக் குப்பி. ஒகும்பே காலையில் தோணியிலிருந்து வந்ததும், மீன் வாடைக் கையைச் சாம்பலில் தேய்த்துக் கழுவிவிட்டு, இவள் முகத்தை மடியில் சாய்த்துக் கண்ணில் ஊற்றுவான். அத்தி மரத்தடியில் நின்று அவீனோ அதைப் பார்த்து எத்தனையோ தடவை பொருமியிருக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் ஒகோலா அவள் முகத்தை அப்படிப் பிடித்ததில்லை.

அவள் பாயருகே மண்டியிட்டாள். அவோக்கோவின் முகம் கோணியது. உதடு இரண்டு பக்கமும் இழுபட்டது, புருவம் நெருங்கியது, மூக்கு நுனி நடுங்கியது. அவீனோ ஆட்காட்டி விரலை அவளுடைய கீழ் இமையில் வைத்தாள். காய்ந்த மாவைத் தொட்டதுபோல, விரலில் வெறும் சொரசொரப்பு.

"நீ அழுவுற" என்றாள் அவீனோ.

"அன்னைக்கும் அழுதேன், அக்கா." குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல வந்தது. "வரலக்கா. எவ்வளவு அழுதாலும்... வரல."

"ஏன்டி சொல்லல? அத்தனை பேர் வாயிலயும் அடிச்சுச் சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா... சிரிப்பீங்க."

அவீனோ எழுந்து வெளியே போனாள். வீட்டுப் பின்னால் மீன் மூட்டை இழுக்கும் ஒற்றைச் சக்கரக் கைவண்டி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, செதில் ஒட்டிய கோணிகளை உதறி விரித்தாள். நெகேசா தலைப்பக்கம், அவள் கால்பக்கம். எலும்புக்கூடுபோல லேசாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள். ஒத்துழைக்காத உடம்பு ஈர மூட்டையைவிடக் கனத்தது.

வேலி வாசலில் வண்டி ஒரு கணம் நின்றது. நெகேசா அவளைப் பார்த்தாள். அவீனோ சக்கரத்தை உந்தி வேலியைத் தாண்டினாள்.

கரைக்குப் போகும் இறக்கத்தில் இரண்டு பக்கமும் கிழிந்த வலைகளை விரித்துப் பொடிமீன் காயப்போட்டிருந்தார்கள். மேகம் விலகி வெயில் வந்த முதல் நாள். இந்த ஒரு பகலுக்காகப் பெண்கள் நாலு நாள் காத்திருந்தார்கள். காயாத மீன் புழுத்துக் கோழித்தீவனத்துக்குத்தான் போகும். குனிந்த முதுகுகள், மீனைப் புரட்டும் கைகள், மினுங்கும் வெள்ளை. வண்டியைக் கண்டதும் ஒவ்வொரு முதுகாக நிமிர்ந்தது.

"அவீனோ, வண்டியில என்ன மீனு?" ஒருத்தி கேட்டாள். அருகே வந்து பார்த்ததும் பின்வாங்கினாள். "ஐயோ, வேலி தாண்டி ஏன்டி கொண்டாந்த! என் மீன் மேல நிழல் விழுது, அந்தப் பக்கமா போ!"

"உன் மீனுக்கு என்னடி, அதுவும் செத்ததுதான்."

"தோணியில ஏத்தப் போறியா? உன் புருஷன் சம்மதிச்சானா?"

"அவனைத்தான் கேக்கப் போறேன். வாயைப் பாத்துட்டு நிக்காம அந்தக் கல்லை எடுடி, சக்கரம் மாட்டுது."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, கையால் அல்ல, காலால் கல்லைத் தள்ளினாள்.

"அவோக்கோ, எண்ணு" என்றாள் பின்னால் வந்த நெகேசா. அவோக்கோ எண்ணினாள். ஏழு.

எஞ்சின் வைத்த தோணிகள் அந்தக் கரையில் இரண்டே. ஒன்று வெளித் தீவுக்கு மீன் ஏற்றப் போய் மூன்று நாளாகிறது. மற்றது சேமேக்காரி. சேமேயிலிருந்து கல்யாணமாகி வந்த தங்கள் அம்மாவை ஊரார் கூப்பிட்ட பெயரையே அண்ணனும் தம்பியும் மஞ்சள் எழுத்தில் அதன் பக்கப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒகும்பே இல்லாமல் காலையில் தானே கரைக்கு வந்து சேர்ந்த தோணி அது. முந்தின ராத்திரி மீனுக்குப் போக வேண்டியது ஒகோலாவின் முறை. அவனுக்கு மலேரியாக் காய்ச்சல். தம்பி போனான். அதற்கப்புறம் ஒகோலா அதைத் தண்ணீரில் இறக்கவில்லை. எஞ்சினைக் கழற்றவும் இல்லை. இப்போது அதன் நிழலில் உட்கார்ந்து அதே கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி ஏழெட்டு ஆண்கள் கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

வளைகுடா காலையில் திறந்துதான் இருந்தது. விடியலிலிருந்து கரைக்காற்று ஆகாயத்தாமரையை வெளியே தள்ளி வைத்திருந்தது. பகல் ஏற ஏறக் காற்று திரும்பும், படலம் வந்து கரையை அடைத்துவிட்டால் தோணி நகராது. அவீனோ கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூரத்தில் பச்சைக் கோடு. கோட்டுக்கும் கரைக்கும் நடுவே நல்ல தண்ணீர். அவளுடைய தலைத்துணியின் நுனி நிலத்துப் பக்கமாகப் படபடக்க ஆரம்பித்திருந்தது.

"மில்கா அப்பா."

அவன் நிமிர்ந்து, வண்டியைப் பார்த்து, சட்டென்று எழுந்து தோணிக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டான். "உனக்குப் பைத்தியமா? திருப்பு. திருப்பிக் கொண்டு போ."

"அக்கரைக்குக் கொண்டு போகணும். மருந்து அங்கதான் இருக்கு. நர்சம்மா சொல்றாங்க, கேளுங்க."

"ரெண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும்ங்க" என்றாள் நெகேசா. "போன் பண்ணிட்டேன், வார்டுல காத்திருக்காங்க."

"நர்சம்மா, உங்க ஊர்ல எப்படியோ தெரியாது. இங்க தலை மழிக்காதவளைத் தோணியில ஏத்த மாட்டாங்க."

"எங்க ஊர்ல ஏரியே இல்லைங்க."

விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஒகோலா திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"அவ அழட்டும்" என்றான் ஒகோலா. "இங்கேயே, எல்லாரும் பாக்க ஒரு சொட்டு விடட்டும். இப்பவே கத்தியைக் கொண்டாந்து மழிக்கச் சொல்றேன், அடுத்த நிமிஷம் தோணி தண்ணியில இருக்கும். என் தம்பிக்கு ஒரு சொட்டு கேக்குறேன். அது தப்பா?"

"அவளுக்குக் கண்ணீர் வராது. அவ வியாதியே அதுதான். வாய் காஞ்சது, கண்ணு காஞ்சது, கால் போனது, எல்லாம் ஒரே வியாதி. புத்தகத்துல எழுதியிருக்கு."

"புத்தகத்துல எழுதுவாங்க. ஏரிக்குப் படிக்கத் தெரியுமா?" அவன் குரல் தாழ்ந்தது. மற்றவர்கள் கேட்காதபடி பேசினான். "அன்னைக்கு நான் போயிருக்கணும், அவீனோ. நான் போக வேண்டிய இடத்துக்கு அவன் போனான். ஏரிக்குத் தெரியும் அது. இவளை ஏத்தினா எஞ்சினைப் பிடிக்கிறது யாரு? நான். அடுத்தது யாரு?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவீனோவுக்கு அவன் மேல் இருந்த கோபம் எங்கோ வழுக்கிக்கொண்டு போயிற்று. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நடுக்கத்தை மறைக்கத்தான் நான்கு நாளாக ஊசி பிடித்திருக்கிறான்.

"ஏழு அஞ்சாயிடுச்சு" என்றாள் நெகேசா வண்டிக்குப் பக்கத்திலிருந்து.

அவீனோ கட்டம் விளையாடுகிறவர்கள் பக்கம் திரும்பினாள். இறக்கத்தில் பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். யார் மீனையும் மிதிக்காமல், ஆனால் கேட்கும் தூரத்தில்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ கண்ணுல ஈரமில்லன்னு முதல்ல சொன்னது நான். களி கிண்டுற எடத்துல நின்னு சொன்னேன். புருஷனைத் தின்னவன்னு சொன்னதும் நான்தான். எனக்கு அவ மேல வயித்தெரிச்சல். கொழுந்தன் அவ கண்ணுல மருந்து ஊத்துறதைப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல், போதுமா? இன்னிக்குக் காலையில அந்தக் கஷாயத்தை மூக்கைப் பிடிச்சு ஊத்தினதும் நான்தான். ஏரிக்கு ஆள் வேணும்னா என்னை எடுத்துக்கட்டும். நான் முன்பலகையில உக்காந்துக்கிறேன்."

பச்சைக் கோடு பட்டையாகிவிட்டிருந்தது. காற்று இப்போது நேராக முகத்தில் அடித்தது. அதில் அழுகிய இலை வாடை இருந்தது.

அவள் ஒகோலாவின் மணிக்கட்டைப் பிடித்து வண்டியருகே இழுத்தாள். அவன் வந்தான். அவன் விரலைப் பிரித்து, அவோக்கோவின் கண்ணுக்குக் கீழே வைத்தாள். நீலச் சட்டையின் கழுத்துப் பட்டைக்கு மேலே அந்த முகம் சிறு பிள்ளையின் முகம்போலக் கோணிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் அழுதுகொண்டிருந்தது. ஒகோலா விரலை எடுத்துப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

"ஒண்ணு" என்றாள் அவோக்கோ, யாரும் சொல்லாமலே. அவள் கண் அவனையே பார்த்தது. "ரெண்டு... மூணு..."

நான்கு வருவதற்கு அவர்கள் காத்திருந்தார்கள். மார்பு ஏறியது, பாதியில் நின்றது, இறங்கியது.

"மில்கா அப்பா," என்றாள் அவீனோ, "தோணியை நானும் நர்சம்மாவும் தள்ளிடுறோம். நீங்க எஞ்சின் கயித்தை ஒரு தடவை இழுங்க."